செயலாளரின் ஆண்டறிக்கை: மூவர் கூட்டும் ஒரு கம்பளமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

லண்டனில் இத்தனை காலம் குடியிருந்தும் இந்த ஊர் மேடையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு குறை எழுந்தது. அதனால் இவ்வாண்டு விக்டோரியா காலத்து நகைச்சுவை இசைநாடகங்களை எடுத்துக்கொண்டோம். பாட்டும் வசனமும் எழுதிய கில்பர்ட்டும், இசையமைத்த சல்லிவனும் சேர்ந்து படைத்தவை 14. நாம் கேட்டு முடித்தவை ஒன்பது. முதலாவதான ‘தெஸ்பிஸ்’ (1871) விடுபட்டதற்கு, அதன் இசையில் பெரும்பகுதி தொலைந்துபோனது காரணம். மற்ற நான்குக்கும் செயலாளரின் சோம்பலே காரணம்.

நாற்காலி போதாமல் போனது ‘டிரயல் பை ஜூரி’ அன்றுதான். 1875இல் சோஹோவின் ராயல்டி அரங்கில், பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒஃபன்பாக்கின் நாடகம் ஒன்றுக்குத் துணையாகச் சிறு நாடகம் தேவைப்பட்டது. அங்கே மேலாளராக இருந்த ரிச்சர்ட் டாய்லி கார்ட் இருவரையும் மீண்டும் சேர்த்துவைத்தார். கில்பர்ட் தன் பிரதியைச் சல்லிவனிடம் படித்துக்காட்டிய காட்சியைச் சொன்னபோது அறையே சிரித்தது. படிக்கப் படிக்கத் தன் எழுத்தின் மேலேயே கோபம் ஏறியவர்போல் குரலை உயர்த்தி, கடைசிச் சொல் முடிந்ததும் பிரதியைப் பட்டென்று மூடினாராம். எதிரே சல்லிவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

பாட்டுக்கு மெட்டா, மெட்டுக்குப் பாட்டா என்ற நம் பழைய வழக்கு இங்கேயும் வந்தது. இவர்களிடம் பாட்டுதான் முதலில். சல்லிவன் அதற்குத் தாளக்கட்டை முடிவு செய்துவிட்டுத்தான் ராகத்துக்குப் போவார். கில்பர்ட்டோ வீட்டில் ஒரு பொம்மை மேடை வைத்து, நடிகர்களுக்குப் பதில் சிறு மரக்கட்டைகளை நகர்த்தி நகர்த்தி யார் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பார்.

ஜப்பானில் நடப்பதாக அமைந்த ‘மிக்காடோ’ (1885) முதல் அரங்கேற்றத்திலேயே தொடர்ந்து 672 முறை நடந்தது. அது ஜப்பானியரைக் கேலிப்பொருளாக்குகிறது என்ற இரு உறுப்பினர்களின் ஆட்சேபம் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. கேலி ஆங்கில அதிகாரிகள் மேல்தான் என்பது என் கட்சி. ஆங்கில நடிகர்கள் ஜப்பானியராக வேடமிடும் முகப்பூச்சைப் பற்றிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கோடையில் சவாய் அரங்கைப் பார்க்கப் போனோம். இந்த நாடகங்களுக்காகவே கார்ட் கட்டி 1881இல் திறந்த அரங்கு அது. முழுக்க மின்விளக்கால் ஒளியேற்றிய முதல் பொதுக் கட்டடம். பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல, எரியும் பல்பு ஒன்றை மேடையிலேயே உடைத்துக் காட்டினார் கார்ட். பக்கத்துப் பூங்காவில் சல்லிவனின் நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் மார்பளவுச் சிலையின் பீடத்தில் சாய்ந்து ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். கீழே செதுக்கியிருப்பவை கில்பர்ட்டின் வரிகள். கில்பர்ட்டின் சின்னமோ தனியே ஆற்றோரச் சுவரில் பதிந்திருக்கிறது.

கில்பர்ட்டும் சல்லிவனும் பிரிந்ததற்குக் காரணம் கணக்கு. செலவு போக வருவதை, கார்ட்டையும் சேர்த்து மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வது ஒப்பந்தம். 1890இல் இந்தியப் பயணம் முடிந்து திரும்பிய கில்பர்ட், அரங்கின் முன்கூடத்துப் புதுக் கம்பளம் பொதுச் செலவில் ஏறியிருப்பதைக் கண்டார். 500 பவுண்டா என்று கொதித்தார். விவகாரம் நீதிமன்றம் போனது. சல்லிவன் கார்ட்டின் பக்கம் நின்றார். சல்லிவனின் பெரிய இசைநாடகமான ‘ஐவன்ஹோ’வுக்குக் கார்ட் அப்போது தனி அரங்கே கட்டிக்கொண்டிருந்தார். பிறகு சமாதானமாகி இன்னும் இரண்டு நாடகங்கள் எழுதினார்கள். பழைய சுவை வரவில்லை.

நம் வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் ‘ஜமக்காளம் ஒன்று’ என்ற வரி வரும்போது உறுப்பினர்கள் பொறுமை காக்க வேண்டுகிறேன். ரசீது என்னிடம் இருக்கிறது. பாக்கிச் சந்தாவை இந்த மாதக் கடைசிக்குள் செலுத்திவிடவும். விடுபட்ட நான்கு நாடகங்களை அடுத்த ஆண்டு முதலில் எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
செயலாளர்