ஸ்லாஷ் 20ஐ கையால போட்டுப் பாரு

கண்ணா,

நேத்து போன்ல உன் குரலே சரியில்ல. இன்டர்வியூல 172.16.37.200 ஸ்லாஷ் 20ங்குற ஐபி அட்ரஸ் எந்த நெட்வொர்க்குல இருக்குன்னு கேட்டாங்க, முழிச்சுட்டேன்மான்னு சொன்னல்ல, அதான் உக்காந்து எழுதுறேன், போன்ல சொன்னா நீ ம் ம்னு கொட்டிட்டு வச்சிருவ.

நீ 32 பிட்டையும் பைனரில எழுத போயிருப்ப, எனக்குத் தெரியும். அவ்ளோ வேணாம்டா. ஸ்லாஷ் 20ன்னா 32 பிட்டுல மொத 20 பிட்டு நெட்வொர்க்குக்கு. ஒவ்வொரு நம்பரும் எட்டு பிட்டு, மொத ரெண்டு எட்டுலயே 16 போயிருச்சு, மூணாவதுல நாலு பிட்டு, அது 128+64+32+16, அதாவது 240, அதனால நெட்வொர்க் பிட்டைக் காட்டுற மாஸ்க் 255.255.240.0. 256ல 240 போனா 16. இப்ப மூணாவது இடத்துல 0, 16, 32, 48னு பதினாறு பதினாறா ஏறிப் போ, 37 எங்க விழுது? 32க்கும் 48க்கும் நடுவுல. முடிஞ்சுது, நெட்வொர்க் 172.16.32.0, அடுத்தது 48.0ல ஆரம்பிக்குது, அதுக்கு ஒண்ணு முந்தினது 172.16.47.255, அது பிராட்காஸ்ட், அந்த நெட்வொர்க்குல எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்புற அட்ரஸ். ஹோஸ்ட்டுக்கு, அதாவது உள்ள இருக்குற மெஷினுங்களுக்கு, மிச்சம் 12 பிட்டு, ரெண்டை 12 தடவ பெருக்கினா 4096, அந்த ரெண்டு அட்ரஸையும் கழிச்சா 4094. கடைசில இருக்குற 200ஐ பாத்துதான் நீ பயந்திருப்ப, அதுக்கு இங்க வேலையே இல்ல.

கணக்கு சரியா போட்டும் நான் மாட்டிக்கிட்ட கதைய சொல்றேன் கேளு. பாலிடெக்னிக் லேப்ல இருந்தப்போ 60 பிசி, ஒரு பிரிண்டர், ரவுட்டருக்கு ஒண்ணு, ஆக 62. ஸ்லாஷ் 26ல 64 அட்ரஸ், ரெண்டு போக 62, ஒண்ணுகூட வீணாகாம போட்டுட்டேன்னு அன்னைக்கு எனக்கு ஒரே பெருமை. பிராக்டிகல் எக்ஸாம் அன்னைக்கு எக்ஸ்டர்னல் வந்து லேப்டாப்ல கேபிளை சொருகுறாரு, நெட்டு வரல. நான் கேபிளை மாத்துறேன், சுவிட்ச்ல போர்ட்டை மாத்துறேன், புடவ முந்தானையில வேர்வைய தொடச்சுக்கிட்டே, பசங்க வேற பாத்துட்டு இருக்கானுங்க. அப்புறம்தான் ஐபியை பாத்தேன், 169.254ல ஆரம்பிக்குது. அட்ரஸ் பங்கு போட்டுக் குடுக்குற டிஹெச்சிபி கைய விரிச்சா விண்டோஸ் தானா போட்டுக்குற அட்ரஸ் அது. ஒரு பிசில போயி அதோட அட்ரஸை விட்டுக்குடுக்க ஐபிகான்ஃபிக் ரிலீஸ் அடிச்சேன், அந்த ஒண்ணுதான் அவருக்குப் போச்சு. இத்தனைக்கும் அது 192.168 ரேஞ்ச், 1996லயே ஆர்எஃப்சி 1918ங்குற இன்டர்நெட் ஆவணத்துல யார் வேணா உள்ளுக்குள்ள வச்சுக்கலாம்னு ஒதுக்கினது, காசா பணமா, ஸ்லாஷ் 25 போட்டிருந்தா 126 கெடச்சிருக்கும். எதுக்கு அந்தக் கஞ்சத்தனம்னு இப்பவும் தோணும்.

ஒரு ஸ்லாஷ் 24ஐ பல சைஸ்ல பிரிக்க சொன்னா பெருசை மொதல்ல வெட்டு. 100 பேருக்கு ஸ்லாஷ் 25, அது 0 முதல் 127 வரை, 25 பேருக்கு ஸ்லாஷ் 27, அது 128 முதல் 159, ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல ஸ்லாஷ் 30, 160ல ஆரம்பி. சின்னதை 0ல வச்சுட்டா பெருசு 128க்கு தள்ளிப்போயி நடுவுல துண்டு துண்டா கெடக்கும். அந்த ரவுட்டர் லிங்குக்கு ஸ்லாஷ் 31ம் போடலாம், அதுல ரெண்டு அட்ரஸும் ஹோஸ்ட்டுக்கே, யாராச்சும் ரெண்டை கழிச்சா பூஜ்யமாச்சேன்னு மடக்குனா முழிக்காத.

உங்கப்பா டிவி சவுண்டை கூட்டிட்டாரு, இனி எழுத முடியாது. 10.4.90.14 ஸ்லாஷ் 19, நெட்வொர்க் என்ன, பிராட்காஸ்ட் என்ன, எத்தன ஹோஸ்ட்டு? பேப்பர்ல போட்டு போட்டோ எடுத்து அனுப்பு, வெறும் விடைய மட்டும் டைப் பண்ணி அனுப்புனா கால்குலேட்டர்ல போட்டேன்னு நெனச்சுக்குவேன். சாப்டியா?

அம்மா