ஊரே வாளியோடு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் மருத்துவமாதாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பசிக்கிற வீடுகளுக்காக ஊருக்கு ஊர் கஞ்சி காய்ச்சும் யோசனை ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளை நிறுக்கத் தராசோடு வீடு வீடாகப் போனதால், ஒரு வீட்டில் காலையில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்பது எனக்குக் கேட்காமலே தெரிந்துவிடும். கர்ப்பிணிக்கென்று அரசாங்கம் கொடுத்த திரிபோஷா சத்துமா பைக்கற் இரண்டு நாளில் முடிந்திருக்கும். வீட்டில் உள்ள எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டிருப்பார்கள். அதற்காக நான் யாரையும் ஏசியதில்லை.

சுற்றிவர வயல் இருக்கும் ஊரில் பசியா என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். பெரும்போக நெல் விதைத்து முடிந்தால் தை, மாசியில் வெட்டும் வரைக்கும் கூலி வேலை குறைவு. அந்த இடைவெளியில்தான் மாரி மழையும் வெள்ளமும். வாவியில் தோணி விடமுடியாத நாட்களும் அப்போதுதான் வரும். முன்பு அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்கு, ஆள் தேவைப்பட்டது. சூடு அடித்து நெல்லைப் பிரிக்கும் களத்துக்குச் சுளகோடு வந்த பெண்ணுக்கு நாலு கொத்து நெல்லாவது கிடைத்தது. இப்போது வெட்டு மெசின் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறது, நெல் ஈரத்தோடு லொறியில் ஏறுகிறது. களமே இல்லாத இடத்தில் சுளகோடு எங்கே போவது?

2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்பு விலைச் சுட்டெண்படி 94.9 சதவீதம், அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டு விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதன் பிறகு வேகம் குறைந்தது, ஆனால் ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் காசு கிடைக்கிற குடும்பத்துக்கு அது ஒரு பிடிமானம்தான். ஆனால் தனியாக இருக்கும் ஒரு கிழவிக்குக் கையில் காசு இருந்தாலும் விறகு பொறுக்கிச் சமைக்க உடம்பில் பலம் வேண்டுமே.

எங்கள் ஊர்களில் கொடுக்கும் மனம் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். சுனாமி நேரம் கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் இருந்து ஓடி வந்தவர்களுக்கு இங்கே பள்ளிக்கூடங்களில் கிடாரம் என்ற பெரிய பாத்திரம் வைத்துச் சமைத்தோம். யார் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கும் கோயில் திருவிழாவுக்கும் அன்னதானம் மிஞ்சிப் போகிறது. மற்ற நாட்களில்தான் அந்தக் கிடாரங்கள் களஞ்சிய அறையில் கவிழ்ந்து கிடக்கின்றன.

உண்மையான தடை வெட்கம். ஒரு வருடம் வெளியிலிருந்து வந்த குழுவொன்று உலர் உணவுப் பொதி கொடுத்து, வாங்கியவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டது. அடுத்த முறை நான் பெயர் எழுதப் போனபோது ஒரு அம்மம்மா கதவடியிலேயே நின்றுகொண்டு, "வேணாம் புள்ள, பேத்தியப் பள்ளிக்கூடத்துல நக்கலடிக்கிறாங்க" என்றார். அவர் வீட்டு அடுப்பில் அன்று சாம்பல் கூடச் சூடாக இல்லை. அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு மாதத்தில் பின்னேரம் போனால் பள்ளிவாசலடியில் கஞ்சி கொடுப்பதைப் பார்க்கலாம். கடை முதலாளி வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் வாளியோடு வந்து வாங்கிப் போகும். அங்கே ஏழை யார் என்று எவராலும் சொல்லமுடியாது. எனக்கு இந்த யோசனை வந்ததே அதைப் பார்த்துத்தான்.

ஊருக்கு ஒரு கிடாரம் கஞ்சி. முருங்கை இலை, பயறு, தேங்காய்ப்பால் சேர்த்தது. கார்த்திகையில் இருந்து தை முடியும் வரை, முதலில் கிழமைக்கு இரண்டு நாள். பெயர்ப் பட்டியல் வேண்டாம், அட்டை வேண்டாம், படம் எடுக்கவே கூடாது. வசதி உள்ளவர்களும் கட்டாயம் வாளி கொண்டு வந்து வாங்கவேண்டும். அவர்கள் வராவிட்டால் அது மறுபடியும் 'இல்லாதவர்களின் வரிசை' ஆகிவிடும். நடக்க முடியாதவர்களுக்குப் பெடியன்கள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

அரிசிக்கு நம் அம்மாமார் செய்த பிடி அரிசி போதும். உலை வைக்குமுன் ஒரு பிடியை டின்னில் போடுவது. ஒரு பிடி நாற்பது கிராம் என்று பார்த்தாலும் நூறு வீட்டில் ஒரு நாளைக்கு நாலு கிலோ. கிழமையில் இருபத்தெட்டுக் கிலோ. கஞ்சிக்கு அது தாராளம். சமைக்கும் இடத்தையும் தண்ணீரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கவேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். இன்னொன்று, சமைக்கும் பெண்களுக்குக் கூலி கொடுங்கள். புண்ணியம் என்று சொல்லி ஏழைப் பெண்களை நாள் முழுக்கப் புகைக்குள் நிற்கவைப்பது சரியில்லை.

கோயில் பரிபாலன சபைகளும் மாதர் அபிவிருத்திச் சங்கங்களும் இதை வாசித்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் பதினொரு வீடுகளில் பழைய பால்மா டின் வைத்தாயிற்று. நான் சொன்ன அம்மம்மாவின் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. தானும் போடுவேன் என்று அவராகவே கேட்டு வாங்கிப் போனார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.