விரல் விட்டு எண்ணும் பேத்தி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. பாப்பா இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள் என்று நேற்றுத் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டாய். உன் சிறு வயதில், கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு மனக்கணக்காகச் சொல் என்று உன்னை அதட்டியவள் நான்தான். அது தவறு என்பதைப் பிற்பாடு வகுப்பறைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

விடுமுறைக்கு வந்திருந்தபோது புளியங்கொட்டைகளைக் கொடுத்து, இரண்டும் ஏழும் எத்தனை என்று கேட்டேன். முதலில் இரண்டு குவியல் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணினாள். சில நாள்களில் கொட்டையைத் தொடாமல், இரண்டிலிருந்து தொடங்கி ஏழு விரல்களை மடக்கினாள். ஊருக்குக் கிளம்பும் முன்பு, யாரும் சொல்லாமலே, "ஏழு... எட்டு, ஒன்பது" என்றாள். ஏழை மறுபடி எண்ண வேண்டியதில்லை என்பதும், எதை முன்னே வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதும் பிடிபட்ட பிறகே ஒரு குழந்தை இப்படிச் சொல்ல முடியும். "பெரிய எண் மனத்தில், சிறிய எண் விரலில்" என்று நாங்கள் வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிடுவோம். பக்குவம் வருமுன் சொன்னால் அது வெறும் பாட்டாகிவிடும்.

1972-இல் கிரோன், பார்க்மன் என்ற இருவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விடை சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்தார்கள். சிறிய எண் வளர வளர நேரமும் நீண்டதால், பிள்ளைகள் பெரிய எண்ணிலிருந்தே மேலே எண்ணுகிறார்கள் என்று முடிவுசெய்தார்கள். 3+3 போன்ற இரட்டைகள் மட்டும் அதற்கு விலக்கு. ஆறும் ஆறும் பன்னிரண்டு என்பது வாயில் நின்றுவிட்டால், 6+7-க்கு ஒன்றைச் சேர்த்தால் போதும் என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

கழித்தல்தான் சற்றுச் சிக்கல். 12-இல் 3 போக என்றால், பின்னோக்கி "பன்னிரண்டு, பதினொன்று, பத்து" என்று மூன்று விரல் மடக்கி, விடை பத்து என்பாள். தொடங்கும் எண்ணையும் சேர்த்து எண்ணிவிட்டாள், அவ்வளவுதான். அதட்டாமல் கொட்டைகளை எடுத்துக் காட்டச் சொல். 13-இல் 9 போக என்றால் பின்னோக்கிப் போவதே வீண். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை ஏறினால் நாலே படி. அதை அவளே ஒருநாள் கண்டுபிடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் கேட்கப்போகிறேன். ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்குகிறாளா என்று பார்க்க எனக்கு ஆசை. நீ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா