பொன்னாடைக்கு முன் வாய்க்கால் கரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 5 நெருங்கிவிட்டால் டெல்டா மாவட்டங்களில் பாராட்டு விழாவுக்குப் பஞ்சமே இருக்காது. அரசு தருகிற டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது தனி. அது போக சேவைச் சங்கங்கள், வர்த்தகர் சங்கங்கள், முன்னாள் மாணவர் மன்றங்கள் என்று ஆளுக்கொரு மேடை போட்டு, ‘சிறந்த சமூகப் பணி’ என்ற பெயரில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கௌரவிக்கிறார்கள். நல்ல காரியம்தான். யாருக்கு, எதைப் பார்த்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

பெரும்பாலான இடங்களில் விண்ணப்பம் கேட்கிறார்கள். அதோடு புகைப்படம், நாளிதழ்ச் செய்தி நறுக்கு, பழைய சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் சேர்த்துக் கோப்பாகத் தர வேண்டும். கோப்பு தடித்தால் விருது நெருங்கும். உண்மையில் வேலை பார்க்கிற ஆசிரியருக்குப் படம் எடுக்கத் தோன்றியிருக்காது; தன்னைப் பற்றித் தானே நாலு பக்கம் எழுதிக்கொள்ளவும் கூசுவார். ஆக, கோப்பு தயாரிக்கத் தெரிந்தவருக்கே ஆண்டுதோறும் பொன்னாடை.

எங்கள் யோசனை ஒன்றுதான். செய்த வேலை ஒரு மழையையும் ஒரு கோடையையும் தாண்டி நிற்கிறதா என்று அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு விருது கொடுங்கள்.

பனை விதை நடுவதையே எடுத்துக்கொள்வோம். கஜா புயலில் தென்னை சாய்ந்த கணக்குக்குப் பனை சாயவில்லை என்பதைப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகு பள்ளிக்குப் பள்ளி பனை விதை நடுகிறார்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் பொறுக்கி, ஒரு சாண் ஆழக் குழியில், பத்தடிக்கு ஒன்றாக நட்டால் போதும். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். இவ்வளவு சுலபமான வேலை ஏன் பாழாகிறது? பனை விதை முளைக்கும்போது முளை முதலில் மண்ணுக்குள் கீழே இறங்கும். வெளியே ஓலை தெரிய மாதங்கள் ஆகும். நட்ட அன்று எடுத்த படத்தில் மண்வெட்டியும் பிள்ளைகளின் சிரிப்பும்தான் தெரியும். விதை பிழைத்ததா என்று அந்தப் படம் சொல்லாது.

கெடுவதற்கு வழிகள் பல. சேகரித்த விதையைப் பள்ளி மூலையில் வாரக்கணக்கில் குவித்து வைத்தால் குவியலிலேயே முளை விட்டுவிடும். அதைச் சாக்கில் அள்ளிப் போட்டு வண்டியில் ஏற்றும்போது முளை ஒடியும். ஒடிந்தது ஒடிந்ததுதான், எத்தனை பக்குவமாகக் குழி வெட்டினாலும் வராது. வாய்க்காலின் உள்சரிவில் நட்டால் அடுத்த ஏப்ரல், மே மாதத் தூர்வாரலில் பொக்லைன் மண்ணோடு வாரிக்கொண்டு போய்விடும். பொக்லைன் எந்தக் கரையில் நகரும் என்பது அந்த வாய்க்காலின் லஸ்கருக்கு, அதாவது வாய்க்காலையும் மதகையும் கவனித்துக்கொள்ளும் பாசன ஊழியருக்குத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, எதிர்க்கரையின் மேல்பக்கத்தில் நட வேண்டும். தப்பிப் பிழைத்தவற்றிலும் சில தைப் பொங்கல் சமயத்தில் கிழங்காகத் தோண்டப்பட்டு யார் வீட்டு அடுப்பிலாவது வெந்துவிடும். மீதிக்குக் கோடையில் கரைப் புல்லில் வைக்கிற தீ.

ஆயிரம் விதை நட்டோம் என்பது செய்தி. அடுத்த ஜூனில் ஓலை விட்டு நிற்பவை எத்தனை என்பதுதான் கணக்கு. ஆயிரம் நட்டு நாற்பது நிற்கிற பள்ளியைவிட, அறுபது நட்டு நாற்பத்தைந்தைக் காப்பாற்றிய பள்ளியே முன்னால் வர வேண்டும். அங்கே யாரோ ஓர் ஆசிரியர் லஸ்கரிடம் பேசியிருக்கிறார், ஆடு மேய்ப்பவரிடம் பேசியிருக்கிறார், மாசியில் புல்லைச் செதுக்கவைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இதைச் சரிபார்க்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், வந்தவர்கள் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை, செய்யாமல் விட்ட வேலை, அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவர் கையெழுத்து. ‘விட்ட வேலை’ என்ற பத்தி முக்கியம். அது காலியாகவே இருக்கிற நோட்டை நம்ப வேண்டாம், ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதாக இருக்கும். படம் எடுப்பதானால் பக்கத்து மின்கம்பத்தின் எண்ணோ மதகின் எண்ணோ தெரியும்படி எடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் விளக்கவுரை தர வேண்டியதில்லை.

கரை வேலையாவது கண்ணில் படும். படத்தில் விழாத தொண்டுதான் எங்கள் பகுதியில் அதிகம் தேவைப்படுகிறது. சம்பா பயிர்க் காப்பீடு ஓர் எடுத்துக்காட்டு. காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்டுவது 1.5 சதவீதம்தான். ஆனால் படிவத்தில் நேர்கிற தவறுகளால் பிறகு அலைச்சல் அதிகம். புல எண் எழுதி உட்பிரிவு எண்ணை விட்டுவிடுவார்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர் கேட்கும் இடத்தில் தாங்கள் குடியிருக்கும் குக்கிராமத்தின் பெயரை எழுதுவார்கள். வங்கிகள் இணைந்த பிறகும் பழைய பாஸ்புக்கில் உள்ள பழைய ஐஎஃப்எஸ்சி குறியீட்டையே கொடுப்பார்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், கணக்கில் வேறு இனிஷியல். பிளஸ் 1 படிக்கிற இரண்டு பிள்ளைகள், காப்பீட்டுக் கடைசித் தேதிக்கு முந்தைய இரண்டு வாரம் மாலையில் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து, அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவு), பாஸ்புக், ஆதார் மூன்றையும் படிவத்தோடு ஒத்துப்பார்த்துச் சொன்னால் போதும். கூட்டுறவுச் சங்கத்திலோ இ-சேவை மையத்திலோ இரண்டாவது முறை வரிசையில் நிற்கிற வேலை மிச்சம். இதிலும் எல்லை உண்டு. பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். நிரப்பக் கூடாது, கையெழுத்து வாங்கக் கூடாது, யாருடைய ஆதாரையும் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது, நகலைப் பள்ளியில் வைத்துக்கொள்ளவும் கூடாது. பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்தே தீர வேண்டும். இந்த வேலைக்கு விருது கொடுக்க நினைத்தால் கோப்பில் ஒன்றும் இருக்காது. சங்கச் செயலாளரையும் நாலு விவசாயிகளையும் கேட்டால்தான் தெரியும்.

புயல் காலமும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, உணவுப் பொட்டலம் கொடுத்தவர்கள் படம் ஏராளமாக வந்தது. வரட்டும். ஆனால் ஐப்பசிக்கு முன்பே தெருத் தெருவாகப் போய், படுக்கையில் இருக்கிற முதியவர் எந்த வீட்டில், நிறைமாதக் கர்ப்பிணி எந்த வீட்டில், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், கூரை வீடு எத்தனை என்று பட்டியல் எடுத்து, ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு பிரதி கிராம செவிலியரிடமும் கொடுத்துவைக்கிற ஆசிரியர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். காற்று அடிக்கிற ராத்திரியில் யாரை முதலில் முகாமுக்குக் கூட்டிப்போவது என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும்.

விருதுக் குழுக்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகளை ஆபத்தில் இறக்கிய வேலை எதுவாயினும் பரிசீலனைக்கே எடுக்கக் கூடாது. ஆகாயத்தாமரை அள்ளுகிறோம் என்று இடுப்பளவுத் தண்ணீரில் மாணவர்களை நிறுத்திப் படம் எடுப்பது இன்னும் நடக்கிறது. அடியில் உடைந்த பாட்டில் கிடக்கும், பாம்பு கிடக்கும். எலிக்காய்ச்சல் கிருமி கால் வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஆற்றின் மேல்பகுதியில் மதகு ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கரையோடு வேலை முடிய வேண்டும். அதே ஆற்றங்கரையில் செய்யத்தக்க நல்ல வேலை இருக்கிறது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை மூடி இறுக்கி, கைப்பிடியில் 15 மீட்டர் நைலான் கயிறு கட்டி, படித்துறைக்குப் பக்கத்தில் மாட்டிவைத்து, முழுகுகிறவரை நோக்கி வீசப் பழகுவது. கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால்தான் காற்றில் ஒதுங்காமல் நேராகப் போகும். தெரியாத்தனமாகக் காப்பாற்றக் குதித்து இரண்டு உயிர் போவதை இது தடுக்கும். மாதம் ஒரு முறை கயிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் மாடு கட்ட யாராவது அவிழ்த்துக்கொண்டு போயிருப்பார்கள்.

கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகளை வைத்துச் செய்வதும் தொண்டில் சேராது. பள்ளிக் கழிவறை கழுவ ஆள் போட வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு.

சரி, யார் தேர்ந்தெடுப்பது? மேடை போடுகிறவர்களே தேர்ந்தெடுத்தால் மேடைக்கு வேண்டியவர்கள் வருவார்கள். ஐந்து பேர் போதும்: பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாய், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர், வேறு பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் ஒருவர், அந்தப் பள்ளியில் படித்த ஓர் இளைஞர், கடைமடை விவசாயி ஒருவர். கடைமடைக்காரரை விட்டுவிடாதீர்கள். வாய்க்கால் சுத்தமானதா என்பதைத் தலைமடையில் நின்று சொல்ல முடியாது. தண்ணீர் கடைசி வயலுக்கு வந்ததா என்பது அவருக்குத்தான் தெரியும். நூறு மதிப்பெண்ணில் 40 இன்று நிற்பதற்கு, 30 தொடர்ந்து நடப்பதற்கு, 20 ஊரார் கைசேர்த்ததற்கு, 10 மட்டும் நோட்டுக்கும் படத்துக்கும்.

மணிக்கணக்கை மட்டும் நம்பவும் முடியாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம் என்று விதி இருக்கிறது. முகாமில் சிறப்பு விருந்தினர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரமும் அதில்தான் சேர்கிறது! தவிர, ஐந்து மணிப் பேருந்தை விட்டால் ஊர் போக வழியில்லாத பெண் பிள்ளைகள் மாலை வேலைக்கு நிற்க முடியாது. சைக்கிளோ பைக்கோ வைத்திருக்கிற பையனுக்கு மணிக்கணக்கு தானாகக் கூடிவிடும். பள்ளி நேரத்துக்குள் ஒரு பாடவேளையாவது ஒதுக்கினால்தான் இது சமமாகும். மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் மதிப்பெண் எடுத்தவரையே மேடைக்கு அனுப்பும் பழக்கமும் போக வேண்டும். நோட்டில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவரை அனுப்புங்கள், அவர் கணக்கில் தோற்றவராகவே இருந்தாலும்.

இடம், தேதி பற்றி ஒரு வார்த்தை. புரட்டாசி முதல் தீபாவளி வரை செய்த வேலையை, அடுத்த ஜூனில் பள்ளி திறந்து மேட்டூர்த் தண்ணீர் வரும் சமயத்தில் போய்ப் பார்த்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் அறிவிக்கலாம். வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். பொய் சொன்னால் எழுந்து கேட்பார்கள். கோயில் விழா மேடையில் மட்டும் வேண்டாம். யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டையில் பிள்ளைகள் பெயர் காணாமல் போய்விடும்.

என்ன கொடுப்பது? கேடயம் வைக்க ஓட்டு வீட்டில் இடம் கிடையாது. ஆசிரியருக்கு அந்த வேலையைத் தொடர ஒரு தொகையோ, நாலு மண்வெட்டி, இரண்டு கடப்பாரையோ கொடுங்கள். வெறுங்கையோடு வேலை செய்யச் சொல்லிவிட்டுப் பொன்னாடை போர்த்துவதில் பயனில்லை. மாணவருக்குச் சான்றிதழ் கொடுங்கள். ஆனால் அதில் ‘சமூக சேவையில் சிறப்பாகப் பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதினால் எந்தக் கல்லூரியும் திரும்பிப் பார்க்காது. எந்த ஊரில், எந்த வாய்க்காலில், எத்தனை மாதம், என்ன வேலை, இப்போது என்ன நிற்கிறது என்று இரண்டு வரி வேண்டும். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே, தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சேர்க்கை நேரத்தில் அந்தக் காகிதத்தை ஒதுக்கிவிடுவார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த மாணவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தவர்கள் அடித்திருப்பார்கள். அதை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுக்கு நோட்டைத் தொடங்குவதானால் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன் தலைமை ஆசிரியர்களிடம் பேசிவிட வேண்டும். பனம்பழம் இப்போதே விழத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.