படியை எண்ணிப் பார்த்தேன் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை உங்க பேப்பரோட வந்த வீடு மனை இணைப்புல 30க்கு 40 மனைக்கு ஒரு ப்ளான் போட்டிருந்தீங்க. கலர்ல எலிவேஷன் (வீட்டோட முகப்புப் படம்), வாசல்ல ஒரு கார், ரெண்டு பக்கமும் பாக்கு மரம், கிச்சன் சரியா அக்னி மூலைல வந்திருக்குன்னு தனியா ஒரு கட்டம் வேற. எங்க அப்பா அந்தப் பக்கத்தை மட்டும் மடிச்சு எடுத்துட்டு வந்து, "பாரு, எவ்வளவு அம்சமா போட்டிருக்கான், நீயும் அஞ்சு வருஷம் படிச்சியே"ன்னாரு. எனக்கு அம்சம் எல்லாம் கண்ணுல படல, பழக்க தோஷம், கை தன்னால படியை எண்ண ஆரம்பிச்சிருச்சு. 14 படி. பக்கத்துலயே தள உயரம் பத்தடின்னு எழுதியிருக்கு. பத்தடின்னா 120 இஞ்ச், அதை 14ஆல வகுத்தா ஒரு படி எட்டரை இஞ்சுக்கு மேல போகுது. நேஷனல் பில்டிங் கோடுல வீட்டுப் படி உயரம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை இஞ்ச் தாண்டக் கூடாதுன்னு இருக்கு. மூட்டு வலிக்கு தைலம் தேச்சுக்கிட்டு இருக்கற எங்க அப்பா அந்த வீட்டு மாடிக்கு ஏற மாட்டாரு, ஏத்திவிட்டாலும் இறங்க மாட்டாரு. இதைச் சொன்னா, "குத்தம் கண்டுபிடிக்கவா உன்னைப் படிக்க வச்சேன்"ங்கறாரு.

உங்க மேல கோவம்லாம் இல்ல சார். அந்த ப்ளானைப் போட்டது என்னை மாதிரியே காலேஜ் முடிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆன ஒரு பிள்ளையாத்தான் இருக்கும்னு தோணுச்சு, அதான் எழுத உக்காந்தேன்.

நான் படிச்சது பி.ஆர்க், அதாவது கட்டடக்கலை, அஞ்சு வருஷம், பத்து செமஸ்டர். நாட்டா எக்ஸாம் எழுதி சேந்தேன். சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு இன்னும் நான் இன்ஜினியர்தான், மீதிப் பேருக்கு வீட்டு உள்ள பெயின்ட் கலர் சொல்ற பொண்ணு. ஸ்டூடியோன்னு ஒரு பாடம் இருக்கும், அதுதான் எல்லாமே, மத்த பாடம்லாம் சும்மா பாஸாகுறதுக்கு. மொத வருஷம் ஒரு டீக்கடை, ரெண்டாவது வருஷம் பீச் ஹவுஸ் (மதுரைல உக்காந்துகிட்டு, கடலை சினிமாலதான் பாத்திருக்கோம்னு பாதி க்ளாஸ்), அப்புறம் ஸ்கூல், ஆஸ்பத்திரி, கன்வென்ஷன் சென்டர்னு வருஷா வருஷம் சைஸ் மட்டும் பெருசாகிக்கிட்டே போகும். தோஷிங்கற ஆர்க்கிடெக்ட் 2018ல பிரிட்ஸ்கர்ங்கற பெரிய கட்டடக்கலை விருது வாங்குன சமயத்துல அவரோட இந்தூர் ஆரண்யா ஹவுசிங் பத்தி ஒரு சார் ஸ்லைடு போட்டு உருகி உருகிச் சொன்னாரு. ஏழை ஜனங்களுக்கு மனையும் அஸ்திவாரமும் டாய்லெட்டும் ஒரு ரூமும் குடுத்துட்டு, மிச்சத்தை அவங்களே காசு வர வரக் கட்டிக்கட்டும்னு விட்ட திட்டம், 80,000 பேருக்கு மேல இருக்கற இடம். எல்லாரும் கை தட்டினோம். மறுநாள் அதே சார் எங்களுக்குக் குடுத்த ப்ராப்ளம் ஃபைவ் ஸ்டார் ரிசார்ட்.

ஜூரி (டிசைனைப் பாத்து மார்க் போட வர்றவங்க) அன்னைக்கு மொதல்ல கேக்கற கேள்வி "உன் கான்செப்ட் என்னம்மா". என்னோட கன்வென்ஷன் சென்டருக்கு நான் மதுரை மல்லின்னு சொன்னேன். மேல இருந்து பாத்தா ப்ளான் மல்லிகைப் பூ மாதிரி இதழ் இதழா தெரியும். நல்ல மார்க். மேல இருந்து யாரும்மா பாக்கப் போறாங்கன்னு ஜூரில ஒருத்தரும் கேக்கல. மூணு ராத்திரி தூங்காம ரெண்டர் (போட்டோ மாதிரியே தெரியற கம்ப்யூட்டர் படம்) போட்டேன், அதுல நடந்து போற ஆளுங்க எல்லாம் நெட்ல இருந்து எடுத்து ஒட்டுன வெள்ளைக்காரங்க, ஒருத்தன் ஓவர்கோட்டு போட்டு கழுத்துல மஃப்ளர் சுத்தி மே மாச மதுரை வெயில்ல நடந்து போறான். இப்பவும் என் போர்ட்ஃபோலியோல ஏழாவது பக்கத்துல அவன் நடந்துகிட்டுத்தான் இருக்கான்.

ஆனா ஒண்ணு உருப்படியா நடந்துச்சு, மெஷர்ட் டிராயிங் ட்ரிப், அதாவது பழைய கட்டடத்தை நேர்ல அளந்து வரையறது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு, இந்தத் தெருவுல முகப்பு, அந்தத் தெருவுல பின்கட்டு வாசல், நடுவுல வளவு (முத்தத்தைச் சுத்தின கட்டு), ரெண்டாம் கட்டு, மூணாம் கட்டுன்னு போய்க்கிட்டே இருக்கு. நாலு நாள் டேப்பைப் பிடிச்சு இழுத்து தூண், ஜன்னல், நிலை எல்லாம் அளந்தோம். வீட்டைப் பாத்துக்கிட்டு இருந்த ஆச்சி ஒருத்தங்க தெனமும் திண்ணைல உக்காந்து எங்களையே பாத்துட்டு, கடைசி நாள் எந்திரிச்சு வந்து வளவு முத்தத்துல நின்னு, "தண்ணி எங்கிட்டுப் போகும்னு எழுதுனீகளா?"ன்னு கேட்டாங்க. எங்க யாருக்கும் பதில் தெரியல. அவங்க செம்புல தண்ணி கொண்டாந்து நடு முத்தத்துல ஊத்துனாங்க. நான் கண்ணால பாக்கறதுக்கு தரை சும்மா சமமாத்தான் இருந்துச்சு, ஆனா தண்ணி ஒரு நொடி நின்னு யோசிச்ச மாதிரி நின்னுட்டு, அப்புறம் ஒரே கோடா மூலைல இருந்த ஓட்டைக்குப் போயி மறைஞ்சிருச்சு. அந்த வாட்டத்தை நாங்க அளக்கவே இல்ல. ஷீட்ல வளவு தட்டையாத்தான் இருக்கு, அந்த ஷீட்டுக்குத்தான் க்ளாஸ்லயே ஹையஸ்ட் மார்க்.

அப்புறம் ட்ரெய்னிங். ஒரு ஆபீஸ்ல சேந்தேன், பேரு வேண்டாம். மொத மூணு மாசம் சம்பளம் கிடையாது, "கத்துக்கறதுக்கு நாங்கதான் உங்ககிட்ட காசு வாங்கணும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, அதுக்கப்புறம் பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சரியாப் போற மாதிரி ஒரு தொகை. இதைப் பத்தி எழுதினா அது தனி லெட்டர் ஆயிரும், விடுங்க.

படிப்பு முடிஞ்சு வேலைக்கு வந்த எடம் பரவால்ல. ஆனா மொத எட்டு மாசம் நான் போட்டது பூராவும் டாய்லெட். டாய்லெட் ப்ளான், டாய்லெட் செக்ஷன் (குறுக்க வெட்டிப் பாக்கற படம்), சங்கன் ஸ்லாப் (பைப் போறதுக்காக இறக்கிப் போடற தளம்) எவ்வளவு இறக்கணும், நானி ட்ராப் (தரைத் தண்ணி வெளிய போற ஓட்டை) எந்த மூலை, கதவு திறந்தா வாஷ் பேசின்ல இடிக்குமா. மல்லிகைப் பூ போட்ட கைக்கு இதானான்னு மொதல்ல அழுகையா வந்துச்சு. ஆனா நானி ட்ராப் எந்த மூலைன்னு ஒவ்வொரு தடவை குறிக்கும்போதும் ஆச்சி செம்பு ஞாபகம் வரும்.

அப்புறம்தான் படிக்கட்டு. நகருக்கு வெளிய ஒரு வீடு, படிக்கட்டு டிராயிங்கை மொத தடவையா என்னையே முழுசா போடச் சொன்னாங்க. தளத்துக்குத் தளம் பத்தடி, 20 படி, படிக்கு ஆறு இஞ்ச், கணக்கு கச்சிதமா வந்துச்சு, எனக்கே பெருமை. பிரின்ட் எடுத்துக்கிட்டு சைட்டுக்குப் போனேன். மேஸ்திரி அண்ணே கண்ணாடியை மாட்டிப் பாத்துட்டு, "பாப்பா, தரைக்கு எவ்வளவு கனம் விட்டிருக்கீக?"ன்னாரு. டைல்ஸும் கலவையும் சேத்து மூணு இஞ்ச்ண்ணேன்னேன். "படிக்கு?" கிரானைட்டும் கலவையும் ஒன்றரை. அவரு ஒண்ணும் சொல்லல, சாக்பீஸை எடுத்து பூசாத செவுத்துல கோடு கிழிக்க ஆரம்பிச்சாரு. நான் போட்ட மாதிரியே ஆறு ஆறு இஞ்சா சென்ட்ரிங் அடிச்சு கான்கிரீட் போட்டா, கீழ தரை மூணு இஞ்ச் ஏறும், படி ஒன்றரைதான் ஏறும், அப்ப மொதப் படி நாலரை இஞ்சா சுருங்கிரும். மேல போனா அதே கணக்கு தலைகீழ், கடைசிப் படி ஏழரை. நடுவுல எல்லாம் ஆறு. ராத்திரி கரன்ட் போன நேரத்துல கால் ஆறு இஞ்சுக்குப் பழகி ஏறிக்கிட்டு இருக்கும், கடைசிப் படில தட்டும். இறங்குறவங்களுக்கு அந்த மொத அடியே பள்ளத்துல வச்ச மாதிரி இருக்கும். "மொதப் படியை ஏழரையா அடிக்கணும், கடைசிப் படியை நாலரையா அடிக்கணும் பாப்பா, அப்பத்தான் எல்லாம் முடிஞ்சு பாக்கையில ஆறா வந்து நிக்கும்"னாரு. அவரு எட்டாவது வரைக்கும் படிச்சவரு. நான் செவுத்துல இருந்த சாக்பீஸ் கோட்டை போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து ராத்திரியோட ராத்திரியா செக்ஷனைத் திரும்பப் போட்டேன், மொத தடவையா ஃபினிஷ் லெவல் (டைல்ஸ், கிரானைட் எல்லாம் போட்ட மட்டம்) தனியா, ஸ்ட்ரக்சர் லெவல் (வெறும் கான்கிரீட் மட்டம்) தனியா ரெண்டு கோடு போட்டு.

அஞ்சு வருஷத்துல நான் போட்ட எந்த ஷீட்லயும் அந்த ரெண்டு கோடு தனித்தனியா இருந்ததில்ல சார். நான் சொல்ல வர்றது இதைத்தான். காலேஜ்ல மார்க் ப்ளானுக்கும் ரெண்டருக்கும், ஜனங்க காசு குடுக்கறது எலிவேஷனுக்கு, உங்க இணைப்புல வர்றதும் ப்ளானும் எலிவேஷனும். வீட்டைக் குறுக்க வெட்டிப் பாக்கற செக்ஷன் மட்டும் யாருக்கும் வேண்டாததா இருக்கு. படி, வாட்டம், டாய்லெட் தரை இறக்கம், சன்ஷேட் எவ்வளவு நீட்டினா மழை உள்ள அடிக்காது, லாஃப்ட் தலைல இடிக்குமா, இத்தனையும் அதுலதான் இருக்கு. எங்க ஊர் கல்யாண வீட்டுல பந்திக்கு நிக்கும்போது மாமா ஒருத்தர் கேப்பாரு, "ஒரு ப்ளான் மட்டும் போட்டுக் குடும்மா, கட்டுறதை நாங்க பாத்துக்கறோம்"னு. ப்ளான் மட்டும்னா என்ன மாமா, சட்டைக்கு முன் பக்கம் மட்டும் தச்சுக் குடுன்னு டெய்லர்கிட்ட கேப்பீங்களா.

இன்னொரு விஷயம். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சில்ல பதிவு பண்ணாதவங்க ஆர்க்கிடெக்ட்னு பேரு போட்டுக்கக் கூடாது, ஆனா அந்தச் சட்டம் பேருக்குத்தான் தடை, அந்த வேலையைச் செய்யறதுக்கு இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே 2020ல சொல்லியிருச்சு. அதனால அந்தச் சட்டப்படி யாரும் வீட்டு ப்ளான் போடலாம். போடட்டும், எனக்கு அதுல பெரிய வருத்தம் இல்ல, எங்க படிக்கட்டைக் காப்பாத்துனதே மேஸ்திரி அண்ணேதான். ஆனா 2024 ஜூலைல இருந்து நம்ம ஸ்டேட்ல 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனைல 3500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட சுயசான்று முறைல, அதாவது விதிப்படிதான் கட்டறோம்னு நாமளே உறுதி குடுத்து, ஆன்லைன்லயே அனுமதி வாங்கிக்கலாம். நல்ல திட்டம், ஆபீஸ் ஆபீஸா அலையறது மிச்சம். ஆனா முன்கூட்டி ஆளு வந்து பாக்கறது இல்லன்னு ஆயிட்டா, அந்த டிராயிங்தானே மிச்சம் இருக்கற ஒரே பாதுகாப்பு. அப்ரூவலுக்கு ஒரு டிராயிங், சைட்டுக்கு ஒரு டிராயிங்னு ரெண்டு செட் வச்சுக்கற கதை எல்லாம் உங்களுக்கே தெரியும், நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

காலேஜ்காரங்ககிட்ட கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஒரு செமஸ்டருக்கு ரிசார்ட்டை விட்டுட்டு, காலேஜ் கேட்ல வாட்ச்மேன் தாத்தாவுக்கு ஒரு ரூம் கட்டச் சொல்லுங்க. எட்டுக்கு எட்டு, ஒரு கதவு, ரெண்டு ஜன்னல், ஒரு படி. பிள்ளைங்க டிராயிங் போடட்டும், ஜூரில தாத்தாவையும் ஒரு மேஸ்திரியையும் உக்கார வைங்க, ஜெயிச்ச டிராயிங்கை நிஜமாவே கட்டுங்க, போட்ட பிள்ளை தெனம் சாயந்தரம் போயி செங்கல் நனைஞ்சிருக்கான்னு பாக்கட்டும். லாரி பேக்கர்ங்கற ஆர்க்கிடெக்ட் கேரளாவுல பெரும்பாலும் சைட்லயே நின்னு, கைல கிடைச்ச பேப்பர்ல வரைஞ்சுதான் வீடு வீடா கட்டுனாரு. செங்கலை எலிப்பொறி மாதிரி நிறுத்தி வச்சு நடுவுல காலியா விட்டு, நாலுல ஒரு பங்கு செங்கலை மிச்சம் பிடிக்கற செவுரு அவரு கட்டிக் காட்டுனதுதான். எங்க சிலபஸ்ல அது ரெண்டு மார்க் கேள்வி. விடையை எழுதியிருக்கேன், செங்கலைத் தொட்டதில்ல.

உங்ககிட்ட கேக்கறது அதைவிடச் சின்னது. அடுத்த தடவை ப்ளான் போடும்போது பக்கத்துல ஒரு செக்ஷனும் போடுங்க. எலிவேஷனைக் கொஞ்சம் சின்னதாக்கினா இடம் வந்துரும், அந்தக் காரை எடுத்துட்டாலே போதும். படி எத்தனை, ஒரு படி எவ்வளவு உயரம், பாத்ரூம் தரை எவ்வளவு இறக்கம்னு மூணு நம்பர் எழுதுங்க. படிக்கறவங்க அதை வச்சு அவங்க கான்ட்ராக்டர்கிட்ட ஒரு கேள்வி கேட்டாலும் போதும். போன வாரப் ப்ளானுக்கு 14 படியை 18 ஆக்கி, நடுவுல திரும்பற லேண்டிங்கைக் கொஞ்சம் தள்ளி வச்சா ஆறு ஏழு இஞ்சுக்குள்ள அழகா வந்துரும், அதுக்கு டைனிங்ல ரெண்டடி போகும். போட்டுப் பாத்துட்டேன், வேணும்னா அனுப்பி வைக்கறேன்.

அப்பா அந்தப் பேப்பரை இன்னும் கீழ போடல, டிவி ஸ்டாண்டுல ரிமோட்டுக்கு அடில வச்சிருக்காரு. தம்பிக்கு வீடு கட்டும்போது ஆகுமாம். படியை மட்டும் நான் மாத்திக் குடுத்துறணுமாம், அதுக்கு மட்டும் ஃபீஸ் எவ்வளவுன்னு அம்மாகிட்ட கேட்டாராம்.

இப்படிக்கு,
டாய்லெட் டிராயிங்ல இருந்து படிக்கட்டுக்கு ப்ரமோஷன் வாங்குன ஒரு ஜூனியர் ஆர்க்கிடெக்ட்,
மதுரை.