கோரப்படாத டிவிடெண்ட் பற்றி வந்த கடிதம் உங்களுடையதுதானா? எழுத்தில் பதில் கேட்டுப் புகார்

பெறுநர்
நிறுவனச் செயலாளர் மற்றும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கான (ஐ.இ.பி.எஃப்.) நோடல் அதிகாரி அவர்கள்,
பதிவு அலுவலகம்.

பொருள்: கோரப்படாத டிவிடெண்ட் (பங்குதாரர் வாங்காமல் விட்ட ஈவுத்தொகை) குறித்த கடிதத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்ய மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் கம்பெனியில் என் அம்மா பெயரில் 100 பங்குகள் இருக்கின்றன. 1990-களில் பப்ளிக் இஷ்யூவில் வாங்கியவை. டீமேட் செய்யாமல், அதாவது மின்னணுக் கணக்குக்கு மாற்றாமல், இன்னும் காகிதச் சான்றிதழாகவே வைத்திருக்கிறோம். இந்தப் பங்குகளைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன.

முதல் கடிதம், பங்குகளை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஒரு தனியார் ஏஜென்சியிடமிருந்து. மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் கமிஷன். முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களைக் கூரியரில் அனுப்பிவிட வேண்டுமாம். அதை ஒதுக்கிவிட்டோம். ஆனால் அம்மாவின் பெயர், முகவரி, ஃபோலியோ எண் (கம்பெனிப் பதிவேட்டில் பங்குதாரரின் கணக்கு எண்), வரவேண்டிய தொகை எல்லாமே அதில் சரியாக இருந்தன. கம்பெனிக்குள்ளிருந்து தகவல் கசிந்துவிட்டதோ என்று அம்மா பயந்துபோனார். விசாரித்தபோது காரணம் புரிந்தது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 124-இன்படி, வாங்கப்படாத டிவிடெண்ட் யாருக்கு எவ்வளவு என்று பெயர், முகவரியுடன் நீங்களே இணையதளத்தில் பட்டியல் போட வேண்டும். உங்கள் பட்டியலில் ஃபோலியோ எண்ணும் சேர்ந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக் கடிதம் எழுதலாம். ஆகவே, விவரம் சரியாக இருக்கிறது என்பதை வைத்து ஒரு கடிதத்தை நம்ப முடியாது.

என் புகார் இரண்டாவது கடிதத்தைப் பற்றியது. உங்கள் பெயரில், உங்கள் ரெஜிஸ்ட்ரார் (உங்களுக்காகப் பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் நிறுவனம்) அனுப்பியதாக வந்தது. 7 ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காததால், குறித்த தேதிக்குள் கோராவிட்டால் பங்குகளே அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும் என்கிறது. பான், முகவரி, வங்கி விவரங்களைப் பதிவுசெய்யும் ஐ.எஸ்.ஆர்.-1 படிவம், பான் நகல், கேன்சல் செய்த காசோலை, கையெழுத்து எல்லாம் கேட்கிறது. இவை சட்டப்படி கேட்கக்கூடியவைதான். ஆனால் மோசடிக்காரன் கேட்பதும் இவற்றைத்தானே? அவசரப்படுத்தினால் சந்தேகப்படு என்பார்கள். இங்கே சட்டமே காலக்கெடு வைத்திருப்பதால் அந்த எச்சரிக்கையும் உதவவில்லை.

கடிதத்தில் உங்கள் கம்பெனி அடையாள எண் இல்லை. பதிவு அலுவலக முகவரியும் இந்த எண்ணும் எல்லா வணிகக் கடிதங்களிலும் அச்சிடப்பட வேண்டும் என்று பிரிவு 12 சொல்கிறது. கையெழுத்திட்டவர் யாரென்றும் இல்லை. ரெஜிஸ்ட்ரார் என்று கடிதத்தில் ஒரு பெயர், உங்கள் இணையதளத்தில் வேறொரு பெயர். பல வருடங்களாக அதே முகவரிக்கு ஒரு டிவிடெண்ட் வாரண்ட்கூட (டிவிடெண்ட் தொகைக்கான காசோலை) வந்து சேரவில்லை; இந்தக் கடிதம் மட்டும் தவறாமல் வந்திருக்கிறது. யாருக்குத்தான் சந்தேகம் வராது?

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு நாங்கள் போன் செய்யவில்லை. பங்குச் சந்தை இணையதளத்தில் உங்கள் ஆண்டறிக்கையை எடுத்து ரெஜிஸ்ட்ரார் பெயரைப் பார்த்தோம். பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் பதிவுப் பட்டியலில் அவர்களுடைய பதிவு எண்ணையும் சரிபார்த்தோம். ரெஜிஸ்ட்ராரின் பெயர் மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தை உங்கள் இணையதளத்தில் நீங்கள் போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சரி, கம்பெனியையே கேட்போம் என்று ஆண்டறிக்கையில் உள்ள உங்கள் எண்ணுக்குப் பேசினால் "ரெஜிஸ்ட்ராரைக் கேளுங்கள்" என்றார்கள். அங்கே கேட்டால் "கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார்கள். கடிதம் உண்மையா என்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்குகள் நிதியத்துக்குப் போய்விட்டாலும் ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் மூலம் திரும்பக் கோரலாம், அதற்கு அரசு கட்டணம் எதுவும் இல்லை. இந்த ஒரு வரியை உங்கள் கடிதத்தில் சேர்த்திருந்தால் கமிஷன் ஏஜென்சிகளிடம் ஏமாறுகிறவர்கள் எவ்வளவோ குறைவார்கள். பயமுறுத்தும் பகுதி தடித்த எழுத்தில் இருக்கிறது, உதவும் பகுதி எங்கும் இல்லை. வயதானவர்களுக்கு இப்படியா எழுதுவது?

எனவே, இணைத்துள்ள இரண்டாவது கடிதம் உங்களுடையதா இல்லையா என்பதை உங்கள் பதிவு அலுவலகத்திலிருந்து, பெயர், பதவியுடன் கையெழுத்திட்டு எழுத்தில் தெரிவியுங்கள். உங்களுடையது என்றால் ஆவணங்களை நாங்களே நேரடியாகத் தருகிறோம். எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாத தாமதத்தைக் காரணமாக வைத்து அம்மாவின் பங்குகளை நிதியத்துக்கு மாற்றக் கூடாது. இணையதளத்தில் ரெஜிஸ்ட்ராரின் இப்போதைய பெயரையும், நோடல் அதிகாரியின் எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி எண்ணையும், எந்தத் தேதியில் என்ன கடிதம் அனுப்பினீர்கள் என்ற விவரத்தையும் போடுங்கள். ஏஜென்சி எழுதிய கடிதத்தின் நகலையும் வைத்திருக்கிறேன். உங்கள் பங்குதாரர்களுக்கு இப்படிக் கடிதம் போகிறது என்று ஒரு எச்சரிக்கை வெளியிடுவதும் உங்கள் பொறுப்பு.

இந்தக் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் செபியின் முதலீட்டாளர் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் புகார் பதிவு செய்வேன். அங்கே 21 நாட்களுக்குள் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
பங்குதாரரின் மகள்
(அம்மாவின் ஒப்புதல் கையெழுத்து கீழே)

இணைப்பு: இரண்டு கடிதங்களின் நகல்கள், பங்குச் சான்றிதழின் நகல், நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் நகல்.