கேம்ப்சைட் புக் பண்ணிட்டு போகாம விட்டுடுற நம்ம மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல ஆர்வி (உள்ளயே சமைச்சு தூங்குற வசதி இருக்குற வண்டி) எடுத்துட்டு நேஷனல் பார்க் சுத்துற நம்ம தமிழ் குடும்பங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் கிராண்ட் கேன்யன் சவுத் ரிம் (பள்ளத்தாக்கோட தெற்கு விளிம்பு) போயிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரி, ரெண்டு பசங்க, ஊர்ல இருந்து வந்திருக்குற எங்க அம்மா. ஃபீனிக்ஸ்ல 25 அடி ஆர்வி ஒண்ணு வாடகைக்கு எடுத்தோம். வியாழன், வெள்ளி, சனி மூணு ராத்திரி பிளான், ஆனா பார்க்குக்குள்ள வெள்ளி, சனி ரெண்டு நாளுக்குத்தான் வண்டியை நிறுத்தி தங்குற சைட் கிடைச்சது. வியாழக்கிழமைக்கு மூணு வாரமா தினமும் சைட் புக் பண்ற ரெக்ரியேஷன்.கவ் வெப்சைட்டை பாத்துட்டே இருந்தேன், ஒண்ணும் விழல. சரி நேர்ல போனா ஏதாவது இருக்கும்னு ஒரு நம்பிக்கையில கெளம்பிட்டோம்.

போனா கேம்ப்கிரவுண்ட் வாசல் கியாஸ்க்ல ஃபுல் போர்டு. கியாஸ்க் உள்ள இருந்த லேடி தன்மையாத்தான் சொன்னாங்க, எல்லாமே ரிசர்வ்டு, மறுநாள் செக்அவுட் நேரம் வரைக்கும் புக் பண்ணவங்களுக்காக வச்சிருக்கணும், வேற யாருக்கும் குடுக்க முடியாதுன்னு. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ரூல் அதுதான், ராத்திரி பத்து மணிக்கு வந்து சேர்றவங்களுக்கும் இடம் இருக்கணும்ல. பார்க்குக்குள்ள பார்க்கிங் லாட்லயோ வியூ பாயிண்ட்லயோ வண்டியை போட்டுட்டு தூங்கவும் கூடாது. வெளிய பக்கத்து ஊரான டுசயான்ல விசாரிச்சா அங்கயும் இடமில்ல. கடைசியில கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட்தான். அங்க காட்டு ரோட்டோரமா ஃப்ரீயா தங்கலாம், 14 நாள் வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா தண்ணி கிடையாது, டாய்லெட் கிடையாது, குப்பைத்தொட்டி கூட கிடையாது, எல்லாம் நம்ம வண்டிக்குள்ள இருக்குறதுதான்.

பகல்ல போயிருந்தா அது அருமையான இடம்தான், நான் குறை சொல்லல, பழக்கப்பட்டவங்க தேடிப்போய் அங்கதான் தங்குறாங்க. நாங்க போனது இருட்டுல. மண் ரோடு, மழைத்தண்ணி ஓடுன பள்ளம், வண்டி ஒரு ஆட்டு ஆட்டுனதுல மேல இருந்த அலமாரி தொறந்து அம்மா பத்திரமா கட்டி எடுத்துட்டு வந்த ஊறுகாய் பாட்டில் கீழ விழுந்து ஒடஞ்சு வண்டி பூரா நல்லெண்ணெய் வாசனை, ஜூனிப்பர் கிளை மேல்கூரைல கரகரன்னு உரசுற சத்தம் வேற, சின்னவ அழ ஆரம்பிச்சிட்டா. வாடகை அக்ரிமெண்ட்ல மண் ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னு வேற இருக்கு, அதனால எனக்கு உள்ளுக்குள்ள பயம். போன்ல சிக்னல் இல்ல. தண்ணி டேங்க்கை கேம்ப்கிரவுண்ட்ல நிரப்பிக்கலாம்னு பாதியா விட்டிருந்தோம், அதனால கை கழுவக்கூட கணக்கு பாக்க வேண்டியதா போச்சு. அந்த இடம் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், அக்டோபர் ராத்திரி குளிர் எலும்பு வரைக்கும் போகுது. வண்டியோட ஹீட்டர் ப்ரொபேன் கேஸ்ல எரிஞ்சாலும் அதோட ஃபேன் பேட்டரியிலதான் ஓடும், விடியக்காலம் பேட்டரி எறங்கி ஃபேன் நின்னு போச்சு, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவும் அதே பேட்டரிதான் வேணும். இன்ஜினை ஓடவிட்டு சார்ஜ் ஏத்துற வரைக்கும் அம்மா ரெண்டு கம்பளிய போத்திக்கிட்டு உக்காந்தே இருந்தாங்க.

மறுநாள் மத்தியானம் எங்க சைட்டுக்கு போனோம். பக்கத்து சைட் காலி. கம்பத்துல கிளிப்புல ஒரு புக்கிங் சீட்டு, அதுல வியாழன்ல இருந்து சனி வரைக்கும்னு தேதி. பிக்னிக் டேபிள் மேல பைன் ஊசி அப்படியே படிஞ்சு கிடக்கு, யாரும் கை வச்ச தடமே இல்ல. நெருப்பு வளையத்துல பழைய கரி. அம்மா அந்த சீட்டை பாத்துட்டு என்கிட்ட கேட்டாங்க, "ஏன்டா, இந்த இடம் நேத்து ராத்திரியும் சும்மாத்தான் கிடந்துச்சா?" எனக்கு பதில் சொல்ல முடியல.

ஏன்னா நானும் அதை பண்ணிருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி யோசிமிட்டி பார்க்ல அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட். அங்க மாசா மாசம் 15ஆம் தேதி பசிபிக் டைம் காலைல 7 மணிக்கு அஞ்சு மாசம் கழிச்சு வர்ற தேதிங்க ஓப்பன் ஆகும், நிமிஷத்துல காலி. நானும் ஃப்ரெண்டும் ஆளுக்கு ஒரு லேப்டாப்ல உக்காந்து புடிச்சோம். அப்புறம் ஆபீஸ்ல ரிலீஸ் வேலை வந்துருச்சு, போகல, கேன்சலும் பண்ணல. காசு போனா போகுதுன்னு விட்டுட்டேன். அந்த காசு என்னோடது, ஆனா அந்த ரெண்டு ராத்திரி வேற ஒரு குடும்பத்தோடதுங்கறது அப்போ எனக்கு உறைக்கல.

நம்ம வாட்ஸாப் குரூப்ல என்ன நடக்குதுன்னு நமக்கு தெரியும். லாங் வீக்கெண்டுக்கு ஆறு மாசம் முன்னாடியே சயான் ஒண்ணு, கிராண்ட் கேன்யன் ஒண்ணு, எதுக்கும் இருக்கட்டும்னு யெல்லோஸ்டோன் ஒண்ணுன்னு ஒரே தேதிக்கு மூணு இடத்துல போட்டு வைக்கிறது, கடைசி வாரம் ஒண்ணை முடிவு பண்ணிட்டு மத்ததை அப்படியே விட்டுடுறது. சோம்பேறித்தனம்தான், கெட்ட எண்ணம்னு நான் சொல்லல. ஆனா ஆர்விக்கு சைட் எவ்வளவு கம்மின்னு கொஞ்சம் யோசிங்க. சவுத் ரிம்ல மேதர் கேம்ப்கிரவுண்ட்ல 30 அடிக்கு மேல வண்டி போகாது, ஹூக்கப்பும் (வண்டிக்கு கரண்ட், தண்ணி, கழிவுநீர் இணைப்பு) கிடையாது. ஃபுல் ஹூக்கப் வேணும்னா ட்ரெய்லர் வில்லேஜ் ஒண்ணுதான். யெல்லோஸ்டோன்ல அவ்ளோ பெரிய பார்க்குக்குள்ள ஃபுல் ஹூக்கப் இருக்கறது ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்ல மட்டும்தான். டென்ட் காரங்க ஒரு மூலைல ஒதுங்கிக்கலாம், 25 அடி வண்டியை வச்சுக்கிட்டு ராத்திரியில எங்க திரும்புறது?

ரெக்ரியேஷன்.கவ்ல கேன்சல் பண்ண பத்து டாலர். போய் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாளோ அன்னிக்கேவோ பண்ணா அதோட முதல் ராத்திரி காசும் போகும், அவ்வளவுதான். நிறைய பேர் அதுக்கு அப்புறம் எதுக்கு கேன்சல், எப்படியும் காசு போச்சேன்னு நினைக்கிறாங்க, அங்கதான் தப்பு நடக்குது. நீங்க பட்டனை அமுக்குனா அந்த சைட் திரும்ப லிஸ்ட்ல வரும், அலர்ட் வச்சிட்டு என்னை மாதிரி ஒருத்தன் பெட்ரோல் பங்க்ல போனை பாத்துட்டு நிப்பான், அவன் எடுத்துக்குவான். அமுக்காட்டி அது கம்பத்துல சீட்டோட சும்மா கிடக்கும். ரெண்டு நாள் தங்கிட்டு மூணாம் நாள் முன்னாடியே கெளம்புறீங்கன்னாலும் கியாஸ்க்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு போங்க, அதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

குரூப் அட்மின்கள் கிட்ட தனியா ஒண்ணு கேக்குறேன். ட்ரிப்புக்கு பத்து நாள் முன்னாடி "யார்கிட்ட எக்ஸ்ட்ரா புக்கிங் இருக்கு, கேன்சல் பண்ணிட்டீங்களா"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. பொங்கல் பாட்லக்குக்கு யார் என்ன கொண்டு வர்றாங்கன்னு அத்தனை தடவை கேக்குறோம்ல, அதே மாதிரி இதையும் கேளுங்க.

தேங்க்ஸ்கிவிங்குக்கு நான் யோசிமிட்டி, ஜாஷுவா ட்ரீ ரெண்டும் போட்டு வச்சிருந்தேன். நேத்து வீட்ல பேசி ஜாஷுவா ட்ரீன்னு முடிவாச்சு. யோசிமிட்டியை இன்னிக்கு காலைல கேன்சல் பண்ணிட்டேன். அப்பர் பைன்ஸ், வெள்ளி, சனி ரெண்டு ராத்திரி. தேடிட்டு இருக்கறவங்க போய் பாருங்க.